சிரிப்பு காகிதத்தை அரிக்கும்

காரைக்குடியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் சந்திரலேகாவிடம் திட்டு வாங்கியவர்கள். செக்காலை ரோட்டில் அவள் நடத்தும் 'லேகா டிரைவிங் ஸ்கூல்' வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், அவளுக்கு ஒரு பிரேக். எதிரே டவுன் பஸ் வந்தாலும் மாடு வந்தாலும் பதற மாட்டாள். கடைசி நொடியில் ஒரு மிதி மிதித்துவிட்டு, "இப்பத்தான் செத்துப் பொழச்சிருக்கீக, கியரை மாத்துங்க" என்பாள். இந்த நிதானம் அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில் கிடையாது. ஒற்றன் ஓமப்பொடியை யாராவது குறை சொல்லிவிட்டால் இரண்டு பிரேக்கும் பிடிக்காது.

ஓமப்பொடி, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிறுவர் வார இதழ் ஒன்றில் வந்த படக்கதை ஆள். எதிரி நாட்டுக் கோட்டைக்குள் ரகசியம் திருடப் போவான். போன இடத்தில் மூக்கு அவனைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். தின்ற இடத்திலேயே தூங்குவான். அவன் குறட்டையைப் பீரங்கி என்று நினைத்து எதிரிப் படை ஓடும். மன்னர் மாலை போடுவார். மாலையில் உள்ள கதம்பத்தைக் கீரை என்று நினைத்து அதையும் தின்பான். வாராவாரம் இவ்வளவுதான் கதை. ஆனால் சந்திரலேகாவின் அப்பா தவறி, வீட்டில் எல்லோரும் வாயைத் திறக்காமல் கிடந்த அந்த வருஷத்தில், அவளைச் சிரிக்க வைத்தவன் இந்த ஒருத்தன்தான்.

வளர்ந்தபின் பழைய பேப்பர் கடை பழைய பேப்பர் கடையாக அலைந்து இதழ்களைச் சேர்த்தாள். சிவகாசியில் அந்த இதழை அச்சடித்த அச்சகத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய், காகிதக் கட்டுகளுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்த அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். அத்தனையும் ஓவியர் செம்மலை கையால் வரைந்த அசல் பக்கங்கள். கறுப்பு மசி, தப்பை மறைத்த வெள்ளைப் பூச்சு, கீழே நீலப் பென்சில் கோடு. எல்லாவற்றையும்விட அவளுக்கு உயிர், ஓரத்தில் அவர் அச்சகத்துக்கு எழுதிய பென்சில் குறிப்புகள். "அச்சுக் கோக்கிற அண்ணே, 'ஐயோ'வைப் பெருசாப் போடுங்க, அடி பலமா விழுந்திருக்கு." இன்னொன்றில், "இந்த வாரம் பட்டினியா இருந்து வரஞ்சேன். அதான் ஓமப்பொடி இளைச்சுட்டான்."

அந்தச் சமயத்தில்தான் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில், 'செட்டிநாட்டு நகைச்சித்திரப் பாரம்பரியக் காப்புக் கழகம்' தொடங்கினார்கள். தொடங்கிய மாதத்தில் சில பேர் பெயரில் 'நகை' என்று பார்த்துவிட்டு, சங்கிலியும் வளையலும் எடுத்துக்கொண்டு அடகு வைக்கப் போய், ஏமாந்து திரும்பினார்கள். கழகத்தின் நிறுவனக் காப்பாளர் மீனாட்சிசுந்தரம். சிங்கப்பூரில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர். பட்டு அங்கவஸ்திரம், தங்கப் பிரேம் கண்ணாடி, இரண்டு பக்கமும் மேல்நோக்கி முறுக்கிய மீசை, மூக்கோரம் ஒரு மச்சம். ஊரில் எங்கே பார்த்தாலும் கழகத்தின் பேனர். பேனரில் அவர் முகம் வண்டிச் சக்கரம் அளவு; ஓமப்பொடி அவர் காதோரம் கடுகு அளவு.

அவர் ஒருநாள் வெள்ளித் தாம்பாளத்தில் சால்வையோடு டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, இந்த ஓவியங்கள் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்பாக இல்லை."

"பீரோவுலதான் ஐயா வச்சிருக்கேன். அந்துருண்டை போட்டிருக்கேன்."

"அந்துருண்டை!" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கூட வந்தவர்களும் வைத்துக்கொண்டார்கள். "ஒரு கண்காட்சி முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும். பிறகு ராஜ மரியாதையோடு திரும்பி வரும்."

சால்வை கழுத்தில் விழுந்தது. பக்கங்கள் காரில் ஏறின.

கண்காட்சி தொடக்க நாளில் போனால், முகப்பிலேயே கருங்கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்: 'சிரிக்காதீர். சிரிப்பு காகிதத்தை அரிக்கும்.' சும்மா விடும் மூச்சைவிடச் சிரிப்பில் ஈரம் அதிகம் என்று கழகம் கண்டுபிடித்திருந்தது. பட்டாளத்தில் இருந்து வந்த பாண்டீஸ்வரன் என்பவரைச் சிரிப்புக் கண்காணிப்பாளராகப் போட்டு, கழுத்தில் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். யாருக்காவது உதடு கோணினால் விசில். அடக்க முடியாதவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டிப் போனால், அங்கே 'சிரிப்பறை' இருந்தது. உள்ளே போய்ச் சிரித்து முடித்து, முகம் கழுவி, துடைத்துவிட்டு வரலாம். போனவர்கள் எல்லாம், அந்த அறைக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிடுகிறது என்றார்கள். கழகம் அதைத் தன் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. சிறு பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. அவர்கள் காகிதத்துக்குக் கரையானைவிட ஆபத்து.

படங்களில் பேச்சு வரும் பலூன்களையெல்லாம் வெள்ளைப் பட்டையால் மூடியிருந்தார்கள். "எழுத்து, கோட்டின் தூய்மையைக் குலைக்கிறது" என்று மேடையில் விளக்கினார் மீனாட்சிசுந்தரம். "நான் இந்தக் கதைகளில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படிக்காமல் காப்பவனே உண்மையான காப்பாளன். படிப்பவன் நுகர்வோன்." பலத்த கைதட்டல். பிறகு, "மறைந்த மாமேதை செம்மலைக்காக ஒரு நிமிடம் மௌனம்" என்றார். கூட்டம் எழுந்தது.

சந்திரலேகாவும் எழுந்தாள். மௌனமாக இல்லை. "ஐயா, அவுக உசுரோட இருக்காக. நாச்சியாபுரத்துலதான் இருக்காக. பொங்கலுக்குக்கூடக் கரும்பு குடுத்துட்டு வந்தேன்."

விசில் அடித்தது.

மௌனம் முடிந்ததும் மீனாட்சிசுந்தரம் அவளருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா, கழகப் பதிவின்படி அவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. உயிரோடு இருப்பவர் பாரம்பரியம் ஆக முடியாது. அவர் பெருமைக்காகத்தான் இந்த முடிவை எடுத்தோம்."

கண்காட்சி முடிந்தது. ராஜ மரியாதையோடு எதுவும் திரும்பி வரவில்லை. சந்திரலேகாவே போனாள். ஓவியங்கள் ஏசி குளிருக்குப் பழகிவிட்டன, உடனே வெளியே எடுத்தால் ஜன்னி கண்டுவிடும் என்றார்கள். மறுபடி போனாள். உரிமையாளர் என்பதற்கு ஓவியத்தின் சம்மதம் வேண்டும் என்பது போல ஏதோ சொன்னார்கள். அவளுக்குப் புரியவில்லை, சொன்னவருக்கும் புரியவில்லை. அடுத்த தடவை, உரிமையாளருக்கான பயபக்தித் தேர்வில் தேறினால் தருவதாகச் சொன்னார்கள். தன் பொருளைத் தானே வாங்கப் பரீட்சையா என்று அவள் மலைத்தாள். இருந்தாலும், தினமும் ஆட்களை ஆர்.டி.ஓ. பரீட்சைக்குக் கூட்டிப்போகிறவள்தானே, உட்கார்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தாள்.

தேர்வை நடத்தியது சௌபர்ணிகா. அருங்காட்சியகப் படிப்பு படித்துவிட்டு வந்து அங்கே இணைக் காப்பாளராக இருந்த பெண். மீனாட்சிசுந்தரத்தைப் 'பெருந்தகை' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் வேலை நிபந்தனை.

"மேடம், உங்க படத்தையே பாருங்க. முகத்துல அசைவு வரக் கூடாது. அவ்வளவுதான்."

பாண்டீஸ்வரன் ஒரு சின்னக் கண்ணாடியைச் சந்திரலேகாவின் வாய்க்கு நேரே பிடித்தார். ஆவி படிந்தால் சிரித்ததாக அர்த்தம். "மன்னிச்சுக்கத்தா, உத்தரவு" என்று முணுமுணுத்தார்.

படத்தில் ஓமப்பொடி சாமி சிலை போல வேஷம் போட்டு நின்று, படைத்த கொழுக்கட்டையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சந்திரலேகா பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிரே லாரி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். தாங்கிவிட்டாள். தேறியே விட்டாள் என்னும்போது, பழக்க தோஷத்தில் கண் வலது ஓரத்துப் பென்சில் குறிப்புக்குப் போனது. ஓரம் இல்லை. மசி முடிகிற இடத்தில் தேக்குச் சட்டம் தொடங்கியது.

"ஓரம் எங்க?"

"டிரிம் பண்ணிட்டோம் மேடம். எல்லாமே ஒரே ஃப்ரேம் சைஸுக்கு வரணும்னு பெருந்தகை சொன்னாங்க." சௌபர்ணிகா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஓரத்துல பென்சில் கிறுக்கல் இருந்துச்சு. அழுக்குனு சொல்லிட்டாங்க."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"வெட்டுனது எங்க?"

"குப்பையோட போயிருச்சு மேடம்."

சந்திரலேகாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. 'ஹா' என்று ஒரே ஒரு தடவை. அது சிரிப்பு இல்லை என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. சட்டம் சட்டம்தான். 'உரிமையாளர் தகுதியற்றவர். ஓவியங்களுக்குக் கழகமே நிரந்தரத் தாய்' என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் புருஷன் பூமிநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேஸ் போடுவமா?" என்றான்.

"கேஸ் போட்டா நான் செத்தபெறகு தீர்ப்பு வரும். எனக்கு அந்த மீசைக்காரன் உசுரோட இருக்கும்போதே கணக்குத் தீரணும்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

நாச்சியாபுரத்தில் செம்மலை, மகன் வீட்டுக் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயசு. காது மந்தம், கண் ஆபரேஷன் ஆகித் தெளிவு. கை மட்டும் நடுங்காது. டீ கிளாஸை விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தாலும் சிந்தாது.

"அய்யா, கொத்தமங்கலத்துல ஒங்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திட்டாக."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். நீங்க செத்துப்போயிட்டீகளாம்."

செம்மலை டிவியை அணைத்தார். "எப்பவாம்?"

"வெகுகாலம் ஆச்சாம்."

"அதான் பென்ஷன் லேட்டாவே வருது" என்றார். அதற்குச் சிரித்தார். ஆனால் அவள் ஓரம் வெட்டிய கதையைச் சொல்லி முடித்தபோது சிரிப்பு போய்விட்டது.

"அந்த அச்சுக்கோக்கிற ஆளை நான் நேர்ல பார்த்ததே கிடையாது, தாயி. பென்சில்லதான் பழக்கம். அந்த ஓரத்துலயே அவரும் எனக்குப் பதில் எழுதுவாரு. ஒருக்கா, 'எனக்கு மக பொறந்திருக்கா, இந்த வாரம் ஓமப்பொடிக்கு நெறயச் சாப்பாடு போடுங்க'ன்னு எழுதியிருந்தாரு. போட்டேன்." வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பரண்ல அந்தக் காலத்து அட்டை நாலஞ்சு வெறுசாக் கெடக்கும். எடு. அந்தாளு மூஞ்சி எப்படி இருக்கும்?"

"அதுக்கு வெளியில வந்து நின்னாலே போதும். ஊரு பூரா மூஞ்சிதான்."

வண்டியை ஒரு பேனருக்கு எதிரே நிறுத்தினாள். செம்மலை முன் சீட்டில், தனக்கென்று இருந்த பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, மீனாட்சிசுந்தரத்தைக் கண் இமைக்காமல் பார்த்தார். "நல்ல மூஞ்சி. கோடு தன்னால வரும்" என்றார்.

பக்கம் தயாரானது. சிரிப்புக்குத் தடை போட்ட மகாராஜா ஒருவர், முறுக்கு மீசை, தங்கக் கண்ணாடி, மூக்கோரம் மச்சம். ஓமப்பொடி அரண்மனை முறுக்கைத் திருட வருகிறான். கூட வந்த கழுதை, மகாராஜாவின் பட்டு அங்கவஸ்திரத்தை ஒரு முனையிலிருந்து மெல்லத் தொடங்குகிறது. அங்கவஸ்திரம் முடிந்து வேட்டிக்குப் போகிறது. கடைசிக் கட்டத்தில் மகாராஜா கோடு போட்ட பட்டாபட்டி டிராயரோடு, "யாரும் சிரிக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டு கடைத்தெருவில் ஓடுகிறார். அட்டை பழசாகத் தெரிய, செம்மலை டீத்தண்ணியில் பஞ்சை நனைத்து அட்டையில் லேசாக ஒற்றி எடுத்தார். பரண் தூசி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

சந்திரலேகா தலையைக் குனிந்துகொண்டு கழகத்துக்குப் போனாள். "பீரோவுக்கு அடியில இன்னொன்னு கெடந்துச்சு ஐயா. எனக்குத்தான் தகுதி இல்லையே. நீங்களே வச்சுக்கங்க."

மீனாட்சிசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கள், சௌபர்ணிகா. ஒரு சாதாரண நுகர்வோரைக் கழகம் எப்படிப் பண்படுத்திவிட்டது!"

வல்லுநர் குழு கூடியது. குழுவில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், தபால்தலை சேர்ப்பவர் ஒருவர், மீனாட்சிசுந்தரத்தின் பாரிஸ் போய்வந்த மைத்துனர் ஒருவர். கையுறை போட்டுக்கொண்டார்கள். பலூன்களை முதலில் மூடினார்கள். பிறகு பூதக்கண்ணாடி. பொறியாளர் படத்தைப் பார்த்தார், மீனாட்சிசுந்தரத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தபால்தலைக்காரருக்கு இருமல் வந்து வெளியே போய் வந்து கையெழுத்துப் போட்டார். மைத்துனர் பார்க்காமலே போட்டார். கடைசியாகச் சௌபர்ணிகா. மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தாள். அவள் கண், ஓரமாக நின்ற சந்திரலேகாவைத் தேடி வந்து ஒரு நொடி நின்றது.

"சந்தேகமே இல்லை, பெருந்தகை" என்றாள். "அசல்."

அது உண்மையும்கூட.

மீனாட்சிசுந்தரம் எழுந்து உரையாற்றினார். "செம்மலையின் உச்சம் இது. இந்த மன்னனின் முகத்தைப் பாருங்கள். அகந்தை, அசட்டுத்தனம், வெட்டிப் பெருமை! இப்படி ஒரு மடையனை இன்று ஊர் ஊராகத் தேடினாலும் பார்க்க முடியாது. மறைந்த மேதை அன்றைய ஏதோ ஒரு ஜமீன்தாரை நேரில் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். இந்த முகம் எனக்கு மிகவும் பரிச்சயமாகப் படுகிறது, அதுதான் கலை! கழகம் சான்றளித்துவிட்டது. சான்றளித்தது சுவரை விட்டு இறங்காது. இதைச் சந்தேகிப்பவர், நம் முத்திரை விழுந்த ஒவ்வொரு ஓவியத்தையும் சந்தேகிப்பவர்." அந்த வரியையும் கருங்கல்லில் வெட்டச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் சந்திரலேகாவின் வஞ்சம் கூடத்துச் சுவரோடு நின்றிருக்கும். அவர் விடவில்லை. மன்னனின் முகத்தையே கழகத்தின் சின்னமாக்கினார். ஊரெங்கும் புதுப் பேனர். இடதுபக்கம் மீனாட்சிசுந்தரம், வலதுபக்கம் மகாராஜா, இருவரும் ஒரே அளவு. டவுன் பஸ் முதுகிலெல்லாம் ஒட்டினார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் வந்த பைக்குக்காரர்கள் சிரித்து வண்டியைச் சாய்த்தார்கள். ஊரே பார்த்துவிட்டது. அவரிடம் போய்ச் சொல்ல ஓர் ஆள் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் தினமும் மீசை முறுக்குகிறவருக்கே தெரியாததை, மற்றவர்கள் ஏன் சொல்வார்கள்?

ஆண்டு விழாவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்தார். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தெல்லாம் கழகத்துக்கு ஓவியம் கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தை முகப்பு உயரத்துக்குப் பெரிதாக்கித் திரை போட்டு வைத்திருந்தார்கள். அச்சுக்குக் கொடுத்தவள் சௌபர்ணிகா. எதனாலோ, அதில் பலூனை மூட மறந்துவிட்டாள்.

நாதஸ்வரம் முழங்க நீதிபதி கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. பட்டாபட்டியோடு ஓடும் மகாராஜாவுக்கு நேர் கீழே, அதே மீசையோடும் மச்சத்தோடும் மீனாட்சிசுந்தரம் கும்பிட்டபடி நின்றார். நாதஸ்வரம் பாதியில் நின்றது. அப்போது எங்கிருந்தோ, குருவி கத்துவது போல ஒரு சின்னச் சத்தம். கீச்சு. கீச்சு. பாண்டீஸ்வரன் வாயில் வைத்திருந்த விசில். அவர் தோள் குலுங்கக் குலுங்க அது தானாகக் கூவிக்கொண்டிருந்தது. அவரால் அதைத் துப்பவும் முடியவில்லை.

நீதிபதிதான் முதலில் வாய்விட்டார். அப்புறம் அணை உடைந்தது. டோக்கன் கேட்க யாருக்கும் நேரமில்லை. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

மீனாட்சிசுந்தரத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார்: "யாரும் சிரிக்கக் கூடாது!"

தலைக்கு மேலே பலூனில் அதே வார்த்தை. கூட்டம் நாற்காலியிலிருந்து சரிந்தது. மைத்துனர்தான் பாவம், கையைப் பிடித்துத் திருப்பி, மேலே காட்டினார். மீனாட்சிசுந்தரம் பார்த்தார். மீசையைத் தொட்டுப் பார்த்தார். மச்சத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அலுவலக அறையில் சந்திரலேகாவை நிறுத்தி, "இது போலி!" என்று குதித்தார்.

"போலி இல்லீக ஐயா. வரஞ்சவுகளையே கூட்டியாந்திருக்கேன்." கதவைத் திறந்தாள். செம்மலை உள்ளே வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் காலமான செம்மலை" என்றார். "மாலை இருந்தாப் போடுங்க."

மீனாட்சிசுந்தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். புதுப் படம் என்று சொன்னால் பழையது என்று குத்திய முத்திரை பொய். ஒரு முத்திரை பொய் என்றால், வெளியே உட்கார்ந்திருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் ஓவியத்துக்குக் குத்திய முத்திரையையும் கேட்பார்கள். பழைய படம் என்று சொன்னால் பட்டாபட்டி சுவரிலேயே இருக்கும். கருங்கல் வேறு வெட்டியாகிவிட்டது.

குரல் இறங்கியது. "அம்மா, உங்கள் பக்கங்களை எல்லாம் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றையும் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்."

சௌபர்ணிகா பக்கங்களைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். சந்திரலேகா ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரம் போன இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போதும் ஆறவில்லை.

"இந்தப் புதுசை நான் கழகத்துக்குக் குடுத்தது குடுத்ததுதான் ஐயா. எறக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. வெட்டிப் போட்ட ஓரத்தையெல்லாம் தேடி எடுத்து, பென்சில் எழுத்து அழியாம ஒட்டிக் குடுங்க. அன்னைக்கு நானே ஏணி கொண்டாறேன்."

"அது குப்பையில் போய்விட்டதே அம்மா!"

"அப்ப இது தொங்கட்டும்."

தொங்குகிறது. சிரிப்புக்குத் தடை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மதுரையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிவருகிறார்கள். பாண்டீஸ்வரன் விசிலை அவர்களிடம் கொடுத்து ஊதச் சொல்கிறார். சௌபர்ணிகா சென்னையில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். போகும்முன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ரிவர்ஸ் வரைக்கும் கற்றுக்கொண்டாள்.

மீனாட்சிசுந்தரம் ஒரு மாதம் வெளியே வரவில்லை. பிறகு மீசையை மழித்து, கண்ணாடியை மாற்றி, மச்சத்தையும் டாக்டரிடம் எடுத்துவிட்டு, ஆள் அடையாளம் தெரியாமல் நடமாடத் தொடங்கினார்.

சேதி கேட்டதும் செம்மலை போன் போட்டார். "தாயி, வண்டி சும்மாதான நிக்குது? என்னைய ஒரு எட்டு கொத்தமங்கலம் கூட்டிட்டுப் போ."

கழகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினாள். கொஞ்ச நேரத்தில் மீனாட்சிசுந்தரம் வாசலுக்கு வந்து, மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு இருபுறமும் பார்த்தார்.

"அட, மேலுதடே இல்லையே இந்த ஆளுக்கு!" என்றார் செம்மலை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எஞ்சினை ஆப் பண்ணு தாயி. வண்டி ஆடுது."

அவள் சாவியைத் திருப்பினாள். கிழவர் மடியில் அட்டையை வைத்து, பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு, முதலில் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.